லீவுக்குக் கதை கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள அனைவருக்கும்,

வணக்கம். பள்ளிக்கூடம் திறந்து, யூனிஃபார்ம் அவசரமெல்லாம் ஓய்ந்து, இப்போதுதான் உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்திருக்கிறது. கோடை லீவு முழுக்கக் கொடைக்கானல் மலையில் இருக்கிற பண்ணைக்காட்டில் என் தையல் கடைத் திண்ணையில் பிள்ளைகள் கதைப் புத்தகமும் கையுமாக இருந்தார்கள் என்றால் அதற்கு நீங்கள்தான் காரணம். நேரில் வந்து சொல்ல ஆசைதான். ஆனால் மதுரையில் ஒருவர், கொடைக்கானலில் ஒருவர், பஸ்ஸில் ஒருவர் என்று ஆளுக்கொரு திக்கில் இருக்கிறீர்கள். அதனால் எல்லோருக்கும் சேர்த்து இந்த மடல்.

எதற்கு நன்றி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜாலியாகப் படிக்கிற புத்தகமாகப் பார்த்துப் பார்த்துக் கொடுத்தீர்களே, அதற்கு. மலைக்கிராமத்துப் பிள்ளைகளுக்குப் புத்தகம் வேண்டும் என்று கேட்டால் வழக்கமாக வருவது பழைய கைடு, போட்டித் தேர்வுக்கான வினா விடை, முன்னேறுவது எப்படி என்று சொல்லித் தரும் புத்தகங்கள். மனதாரத்தான் கொடுக்கிறார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பத்தாவது பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கிற பிள்ளை கையில் இன்னொரு வினா விடையைக் கொடுப்பதில் என்ன இருக்கிறது? அந்த வயதுக்கென்றே எழுதிய நாவல்கள் இருக்கின்றன. கதாநாயகனுக்குப் பதின்மூன்று வயது, கதாநாயகிக்குப் பதினைந்து. அத்தியாயம் நாலு பக்கம், ஐந்து பக்கம். ஒவ்வொரு அத்தியாயமும் ஏதாவது ஒரு கதவு தட்டப்படுகிற இடத்தில் முடியும். படித்து முடித்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். இந்த மாதிரிப் புத்தகம்தான் வேண்டும் என்று நான் கேட்டபோது, "வேறு உருப்படியாக ஏதாவது கேளேன்" என்று உங்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

மே மாதம் என் கடைக்குக் கூட்டம் அதிகம். யூனிஃபார்ம் அளவு கொடுக்க வருகிறவர்கள், போன வருஷச் சுடிதாரைப் பிரித்து விடச் சொல்கிறவர்கள், காஜா எடுக்கக் காத்திருக்கிறவர்கள் என்று திண்ணை நிறைந்திருக்கும். அவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிற நேரத்துக்குத்தான் முதலில் புத்தகம் வைத்தேன். அப்புறம் தைக்க எதுவும் இல்லாத பிள்ளைகளும் வர ஆரம்பித்தார்கள்.

மதுரைப் புத்தகக் கடை அண்ணனுக்கு முதல் நன்றி. புதுமண்டபத்தில் உங்கள் கடை இருந்த காலத்திலிருந்தே உங்களைத் தெரியும். நான் லேஸும் பட்டனும் வாங்க வருவேன். ஒரு தூணுக்கு இந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடும், அந்தப் பக்கம் புத்தகம் அடுக்கியிருக்கும். கடைகளெல்லாம் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய பிறகும் நீங்கள் மாறவில்லை. லீவுக்குப் படிக்கப் புத்தகம் வேண்டும் என்றதும், "என்ன பட்ஜெட்?" என்று கேட்காமல், "பசங்க எதுக்குச் சிரிப்பாங்க, எதுக்குப் பயப்படுவாங்க?" என்று கேட்டீர்கள். துப்பறியும் கதை, பள்ளிக்கூடக் கதை, காட்டுக்குள் வழி தவறிய கதை, கொஞ்சம் பேய் என்று பிரித்துப் பிரித்துக் கட்டினீர்கள். நூறு பக்கத்துக்கு மேற்பட்ட புத்தகத்தை முதல் புத்தகமாகக் கொடுக்காதே என்று நீங்கள் சொன்னது எவ்வளவு சரி என்று இங்கே கண்ணால் பார்த்தேன். மெலிந்த புத்தகத்தை ஒரே மத்தியானத்தில் முடித்த பையன் மறுநாள் தானாகவே தடியான புத்தகத்துக்குக் கை நீட்டினான். முடித்துவிட்டோம் என்கிற தெம்பு அது.

முத்து காமிக்ஸ் பழைய இதழ்கள் சிலவற்றையும் அந்தக் கட்டில் வைத்திருந்தீர்கள். "இது விக்கிறதுக்கு இல்லம்மா, படிச்சிட்டுப் பத்திரமாத் திருப்பிக் கொடுத்துருங்க" என்றீர்கள். 1972இல் சிவகாசியிலிருந்து வரத் தொடங்கிய காமிக்ஸ் அது. இன்றைக்கு அந்தப் பழைய இதழ்களைத் தேடி அலைகிறவர்கள் எத்தனையோ பேர் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் சொல்கிறேன், அவ்வளவு நம்பிக்கை வைத்துக் கொடுத்ததை மறக்க மாட்டேன். பிள்ளைகளை அழைத்துப் போக வந்த அப்பாக்கள் அதைப் பார்த்ததும் அப்படியே திண்ணையில் உட்கார்ந்துவிட்டார்கள். மிளகு வியாபாரம் செய்கிற ஒருவர், தன் மகன் நேரமாச்சு நேரமாச்சு என்று சட்டையைப் பிடித்து இழுக்க இழுக்க, ஒரு இதழைக் கடைசிப் பக்கம் வரை முடித்துவிட்டுத்தான் எழுந்தார். இதழ்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அடுத்த முறை வரும்போது கொண்டு வருகிறேன்.

வத்தலக்குண்டு பஸ் நடத்துநர் அண்ணனுக்கு. சீசனில் மலைப்பாதை எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்து ஜனங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கொடைக்கானல் வருகிற வண்டிகளுக்கு இ-பாஸ் வந்த பிறகும் மே மாதத்தில் கொண்டை ஊசி வளைவுகளில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கத்தான் செய்கின்றன. அந்த நெரிசலிலும் புத்தகக் கட்டுக்கு முறையாக லக்கேஜ் டிக்கெட் போட்டு, ஒழுகாத இடமாகப் பார்த்து டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்து, அதன் மேல் உங்கள் ரெயின்கோட்டையும் போட்டு மூடி வந்தீர்கள். அன்றைக்குப் பாதி வழியில் கோடை மழை பிடித்துக்கொண்டது. நீங்கள் நனைந்துதான் இறங்கினீர்கள், புத்தகம் நனையவில்லை. "ராஜம் ஐயரும் பி.எஸ். ராமையாவும் பிறந்த ஊர்லேர்ந்து வர்ற பஸ்ஸும்மா இது, புத்தகத்தை நனைய விடுவோமா?" என்றீர்கள். அதைப் பிள்ளைகளிடம் சொன்னேன். வத்தலக்குண்டு என்றால் அவர்களுக்குப் பஸ் மாறுகிற ஊர் என்றுதான் தெரியும். இப்போது அது இரண்டு கதைக்காரர்களின் ஊர் என்றும் தெரியும்.

கொடைக்கானல் டீச்சரம்மாவுக்கு. உங்களைப் பற்றித்தான் நிறைய எழுத வேண்டும். ரிட்டயர் ஆன பிறகு வீட்டில் இருந்த ஆங்கில நாவல்களைப் பெட்டியோடு கொடுத்தீர்கள். இங்கே ஆங்கிலம் தட்டுத் தடுமாறிப் படிக்கிறவர்கள்தான் அதிகம் என்று நான் தயங்கினேன். "அப்போ நான் வந்து கதையாச் சொல்றேன்" என்று சனிக்கிழமைகளில் பஸ் ஏறி வந்தீர்கள். 'ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்' கதையை நீங்கள் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது. கனடாக்காரர் எல்.எம். மாண்ட்கோமெரி எழுதி 1908இல் வெளியானது என்று ஒரு வரி. அதற்கு மேல் முன்னுரை கிடையாது. நேராகக் கதைக்குள் போய்விட்டீர்கள். தோட்ட வேலைக்கு ஒத்தாசையாக ஒரு பையனைத் தத்தெடுக்க நினைக்கிறார்கள் வயதான அண்ணனும் தங்கையும். ஸ்டேஷனில் வந்து உட்கார்ந்திருப்பதோ பதினோரு வயதுப் பெண் பிள்ளை, பெற்றோர் இல்லாதவள், வாய் ஓயாமல் பேசுகிறவள். "நம்ம கொடை ரோடு ஸ்டேஷன்ல, கடைசி பெஞ்சில, ஒரு பழைய பையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்னு வச்சுக்கோங்க" என்றீர்கள். அவ்வளவுதான், ஒரு பிள்ளை அசையவில்லை. நான் மெஷினை நிறுத்திவிட்டேன். அவளைத் திருப்பி அனுப்பிவிடுவார்களா, வைத்துக்கொள்வார்களா என்பதைச் சொல்லாமல் அடுத்த வாரம் என்று எழுந்துவிட்டீர்கள். அந்த வாரம் முழுக்க என் கடையில் அதே பேச்சு. பாட்டி வீட்டில் வளர்கிற ஒரு பிள்ளை மட்டும் எதுவும் பேசாமல் இருந்தாள். மறு சனிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் வந்து, டீச்சருக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தவளும் அவள்தான்.

இன்னொரு சனிக்கிழமை 'தி அவுட்சைடர்ஸ்' எழுதிய எஸ்.ஈ. ஹிண்டனைப் பற்றிச் சொன்னீர்கள். பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே, பதினைந்து வயதில் எழுத ஆரம்பித்தவர். புத்தகம் 1967இல் வெளியானபோது பதினெட்டு வயது. பெண் எழுதியது என்று தெரிந்தால் ஆண் விமர்சகர்கள் ஒதுக்கிவிடுவார்களோ என்று பதிப்பகத்தார் பெயருக்குப் பதில் முதலெழுத்துகளைப் போடச் சொன்னார்களாம். தன் வயதுப் பிள்ளைகள் நிஜத்தில் எப்படி இருக்கிறார்கள் என்று எந்தக் கதையிலும் இல்லையே என்றுதான் அவர் எழுதினார் என்றீர்கள். இப்போது என் கடையில் யார் யாரோ ரகசியமாக எழுதுகிறார்கள். காட்ட மாட்டேன் என்கிறார்கள். நானும் கேட்கவில்லை.

நூலகர் அக்காவுக்கு. கிளை நூலகத்தில் எங்கள் பிள்ளைகளை உறுப்பினராக்கி, சேர்ந்த அன்றைக்கே புத்தகத்தையும் கையில் கொடுத்து அனுப்பினீர்கள். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர். அதில் கனமான நூல், லேசான நூல் என்ற பேச்சே இல்லையே என்று சிரித்தீர்கள். நீங்கள் எடுத்துக் கொடுத்த உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' என் கடையில் நிற்கவே இல்லை, கை மாறிக்கொண்டே இருந்தது. 2023இல் பால சாகித்திய புரஸ்கார் வாங்கிய நாவல் என்பதெல்லாம் பிள்ளைகளுக்குப் பொருட்டில்லை. கீழடிக்கு அந்தக் கதையில் வருகிற பையனோடு போய் வந்த மாதிரி இருந்தது, அதுதான் அவர்களுக்குச் சங்கதி. அதைப் படித்த ஒருத்தன் மதுரையில் இருக்கிற மாமாவை நச்சரித்து, கீழடி அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டே வந்தான். பானை ஓட்டில் கீறியிருந்த எழுத்துகளை நோட்டில் வரைந்து கொண்டுவந்து எல்லோருக்கும் காட்டினான்.

ஆசாரி அண்ணன் சில்வர் ஓக் பலகையில் அலமாரி செய்து, கூலி வேண்டாம் என்றுவிட்டார். அடித்தட்டைத் தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்தி வைத்தது அவர் யோசனை. இந்த ஊர் ஈரத்துக்கு அது இல்லாவிட்டால் ஒரே மாதத்தில் பூசணம் பிடித்திருக்கும்.

ஈரம் என்றதும் ஒன்று. மழையில் நனைந்த புத்தகத்தோடு ஒரு நாள் ஒருவன் வாசலில் நின்றான். உள்ளே வரவே பயம். புத்தகத்தை வாங்கி, இரண்டு தாளுக்கு நடுவே லைனிங் துணியை வைத்து, அயர்ன் பாக்ஸைக் குறைந்த சூட்டில் ஒத்தி ஒத்தி எடுத்தேன். தாள் அலை அலையாகத்தான் வந்தது, ஆனால் ஒரு எழுத்துகூட அழியவில்லை. அவன் பக்கத்தில் நின்று ஒவ்வொரு தாளாகப் புரட்டிக் கொடுத்தான். புரட்டிக்கொண்டே மீதிக் கதையையும் படித்துவிட்டான். மறுநாள் பெரிய பிள்ளைகள் மூன்று பேர் சேர்ந்து, யூனிஃபார்ம் தைத்து மிஞ்சிய பிட்டுத் துணியில் புத்தகத்துக்குப் பை தைக்க ஆரம்பித்தார்கள். உள்பக்கம் பிளாஸ்டிக் உறை, வாயில் நாடா. நேராகத் தையல் ஓட்டத் தெரியாதவர்கள் அந்தப் பையில்தான் பழகினார்கள். இன்றைக்குப் பை இல்லாமல் எந்தப் புத்தகமும் கடையைத் தாண்டாது. அந்த மூன்று பேருக்கும், இரவல் நோட்டை ஒரு நாள் விடாமல் எழுதிய தங்கச்சிக்கும் என் நன்றி.

அம்மாக்களுக்கும் சொல்ல வேண்டும். தண்ணீர் பிடிக்க, தம்பியைப் பார்த்துக்கொள்ள என்று ஆயிரம் வேலை இருக்கிற வீட்டில், பெண் பிள்ளை மத்தியானம் இரண்டு மணி நேரம் கதை படிக்கப் போவதை விட்டுக்கொடுப்பது சின்ன விஷயம் இல்லை. அந்த இரண்டு மணி நேர வேலையை நீங்கள்தான் செய்தீர்கள் என்று எனக்குத் தெரியும். ரிசல்ட் வருவதற்கு முந்தின நாள் ஒருத்தி காலையிலிருந்து சாப்பிடாமல் இருக்கிறாள் என்று அவள் அம்மாவே கையைப் பிடித்து என் கடைக்கு அழைத்து வந்தார். "ஏதாவது சிரிக்கிற மாதிரிக் கதை குடுக்கா" என்றார். கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அவள் சிரித்தாள். அப்புறம் இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டாள். மார்க் எவ்வளவு என்று இங்கே எழுத மாட்டேன், பாஸ்.

கடைசியாக, இந்தப் புத்தகங்களால் எனக்குக் கிடைத்ததையும் சொல்லியாக வேண்டும். பிள்ளைகளுக்கு என்று கேட்டு வாங்கியதை எல்லாம் நானும் படித்தேன், ரசித்துப் படித்தேன். ராத்திரி ஷட்டரை இறக்கிவிட்டு, கையால் ஹெம்மிங் போடுகிற வேலையை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு அத்தியாயம் என்று ஆரம்பித்தால் நாலு அத்தியாயம் ஓடிவிடும். ஐம்பது தாண்டியவளுக்குப் பதினாலு வயதுப் பிள்ளையின் கதை எதற்கு என்று சிலர் கேட்டார்கள். முதல் முறை தோழியோடு சண்டை போட்டது, முதல் முறை தனியாகப் பஸ் ஏறியது, பெரியவர்கள் சொன்னது பொய் என்று முதல் முறை புரிந்தது, இதெல்லாம் இந்த நாவல்களில் சுற்றி வளைக்காமல் வருகிறது. அந்த வயதில் எனக்கும் நடந்ததுதான், அப்போது சொல்ல ஆள் இல்லை. படிக்கும்போது மனசு லேசாகிறது, தூக்கமும் நன்றாக வருகிறது. அதற்காகவும் நன்றி.

அலமாரி கடையிலேயேதான் இருக்கும். பள்ளிக்கூட நாளில் சனி, ஞாயிறு மட்டும் இரவல். வெளியே இருக்கிற புத்தகங்கள் இந்த மாதத்துக்குள் வந்துவிட்டால் காலாண்டு லீவுக்குப் பட்டியல் போட்டுவிடலாம். மதுரை அண்ணனுக்கு ஒரு வேண்டுகோள்: அந்தத் துப்பறியும் தொடரில் மூன்றாம் பாகம் மட்டும் இல்லை. இரண்டாம் பாகத்தை முடித்துவிட்டு இங்கே பல பேர் தவிக்கிறார்கள், அதில் நானும் உண்டு. கண்ணில் பட்டால் எடுத்து வையுங்கள், பட்டன் வாங்க வரும்போது வாங்கிக்கொள்கிறேன்.

அன்புடனும் நன்றியுடனும்,
பண்ணைக்காடு தையல் கடை அக்கா