அரச காசில் கட்டியதைத் ‘தந்தவர்’ யார்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன மாதம் என் மகள் படிக்கும் பாடசாலையில் ஒரு கட்டடத் திறப்பு விழா நடந்தது. காலை எட்டரைக்கு வருவதாகச் சொன்ன அரசியல் பிரமுகர் வந்து சேர்ந்தபோது பதினொரு மணி. அதுவரைக்கும் நான்காம், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் கையில் கடதாசிக் கொடியோடு வாசலிலிருந்து வீதி வரை இரண்டு வரிசையாக நின்றார்கள். கச்சான் வீசும் காலத்துத் திருகோணமலை வெயில் எப்படி என்று இந்த ஊர்க்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஒரு பிள்ளை மயங்கி விழுந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு போய் வாங்கில் கிடத்தி முகத்தில் தண்ணீர் தெளித்த ஆசிரியை, உடனே ஓடி வந்து, அவள் நின்ற இடத்தில் வேறொரு பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்தினார். வரிசையில் இடைவெளி தெரியக் கூடாதாம்.

“ஏன் டீச்சர், அவர் வரும் வரைக்கும் பிள்ளைகளை வகுப்பில் வைத்திருக்கலாமே?” என்று கேட்டேன். “என்னம்மா செய்யிறது, அவர்தானே கட்டடம் தந்தவர்” என்றார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை, அவரும் பயந்துபோய்த்தான் நின்றார். ஆனால் அந்த ‘தந்தவர்’ என்ற சொல் என்னை விடவில்லை.

தந்தது யார்? மகளுக்கு வாங்கிய சப்பாத்திலும், வீட்டுக்கு வாங்கும் சவர்க்காரத்திலும் 18 சதவீதம் பெறுமதி சேர் வரி கட்டுகிறேன். கூலிக்குப் போகிறவரும் கட்டுகிறார், மீன் விற்கிறவரும் கட்டுகிறார். அந்தக் காசில் எழுந்த கட்டடத்தின் நினைவுக்கல்லில் முதல் வரியில், எல்லாவற்றையும் விடப் பெரிய எழுத்தில், அவர் பெயர். பஸ் தரிப்பிடம், தண்ணீர்த் தாங்கி, மதகு என்று எதைப் பார்த்தாலும் இதே கதைதான். நம்முடையதை நமக்குத் தந்ததற்காக நன்றி சொல்லப் பழகிவிட்டோம். நன்றி சொல்லிப் பழகிய வாயால் பிறகு கணக்குக் கேட்க முடிவதில்லை.

தனிநபர் வழிபாடு என்றதும் தூரத்து நாடுகள்தான் நினைவுக்கு வரும். ஸ்டாலின் உயிரோடு இருந்தபோதே ஒரு நகரத்துக்கு அவர் பெயர் வைத்தார்கள். அவர் இறந்து மூன்று வருடம் கழித்து, 1956 இல், சோவியத் தலைவர் குருஷேவ் கட்சி மாநாட்டில் அந்த வழிபாட்டைக் கண்டித்துப் பேசினார். 1961 இல் நகரத்தின் பெயரும் மாறியது. துர்க்மெனிஸ்தானில் ஜனாதிபதி நியாசோவ் ஜனவரி மாதத்துக்குத் தன் பட்டப்பெயரையும் ஏப்ரலுக்குத் தன் தாயின் பெயரையும் வைத்தார். வாசிக்கும்போது இப்படியும் நடக்குமா என்று இருக்கும். சரி, நம் நாட்டை எடுத்துக்கொள்வோம். யுத்தம் முடிந்த 2009 இல் அன்றைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்சவின் படத்தோடு ஆயிரம் ரூபாய்த் தாள் வந்தது. துறைமுகம், விளையாட்டரங்கு, அரங்கம், 2013 இல் மத்தளை விமான நிலையம் என்று அவர் பெயர் ஏறாத இடமில்லை. 2010 செப்டெம்பரில், ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் ஜனாதிபதியாக முடியாது என்ற வரம்பைப் பாராளுமன்றமே அரசியலமைப்பின் 18 ஆவது திருத்தத்தால் நீக்கியது. கை உயர்த்தியவர்கள் 161 பேர்.

பெயர்ப்பலகையோடு நின்றால் பரவாயில்லை என்று நினைத்துவிடலாம். நிற்பதில்லையே! 2020 இல் 20 ஆவது திருத்தம் அவர் தம்பி, ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்சவுக்கு அதிகாரத்தை அள்ளிக் கொடுத்தது. அடுத்த வருடமே இரசாயனப் பசளைக்குத் திடீரென்று தடை. தம்பலகாமத்தில் வயல் செய்யும் என் மைத்துனர், சேதனப் பசளைக்கு மாற வருடக் கணக்காகும், ஒரு போகத்தில் நடக்கிற காரியமில்லை என்று அன்றே சொன்னார். ஒரு கமக்காரனுக்குத் தெரிந்தது ஜனாதிபதியைச் சுற்றி இருந்தவர்களுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தவர் சொன்னதும் அவர் காதில் ஏறவில்லை. அந்தப் பெரும்போகத்தில் மைத்துனரின் வயல் வரம்பில் நின்று பார்த்தேன். கரும்பச்சையாக நிற்க வேண்டிய பயிர் வெளிறி, அடி இலை மஞ்சளாகி நின்றது. கதிரைக் கையில் எடுத்து நசுக்கிக் காட்டினார், பாதி சப்பி.

அப்புறம் 2022 மே மாதம் நடந்தது எல்லோருக்கும் தெரியும். தங்காலையில் இந்த அண்ணன் தம்பியின் தந்தையின் சிலையை, அதே மக்கள், கயிறு கட்டி இழுத்து விழுத்தினார்கள். பிரதமர் பதவியை விட்ட மகிந்த ராஜபக்ச குடும்பத்தோடு எங்கள் ஊர்க் கடற்படைத் தளத்துக்குள் வந்து தங்கினார். வெளியே ஆட்கள் கூடி நின்று கோஷம் போட்டார்கள். எனக்கு அதில் சந்தோஷம் வரவில்லை. பத்து வருடத்துக்கு முன் பாற்சோறு பொங்கிக் கொடுத்து வாழ்த்தியவர்கள் அன்றே நாலு கேள்வி கேட்டிருந்தால், எரிவாயு சிலிண்டருக்காக நாங்கள் நாள் கணக்காக வரிசையில் நின்றிருக்க மாட்டோம்.

இது சிங்களவரின் குணம் என்று நம்மவர் சொல்வது எனக்குப் பிடிப்பதில்லை. கேள்வி கேட்டவரைத் துரோகி என்று சொல்லும் பழக்கம் நமக்குள் எத்தனை உயிரைக் குடித்தது என்று என் வயதுக்காரருக்குத் தெரியும். 1977 இல் முதன்முதலாகப் பாராளுமன்றம் சென்ற தமிழ்த் தலைவர் சம்பந்தன் ஐயா 2024 இல் காலமானபோது நானும் அழுதேன். மரியாதை வேறு, வழிபாடு வேறு. அவர் இருந்தபோது முகத்துக்கு நேரே கேட்டிருக்க வேண்டிய பலவற்றை, “ஐயாவிடம் எப்படிக் கேட்பது” என்று நாம் கேட்காமலே விட்டோம். அது அவருக்கும் நல்லதல்ல, நமக்கும் நல்லதல்ல. சமயத்தில் பக்தி ஆன்மாவுக்கு வழி காட்டலாம், அரசியலில் அது சர்வாதிகாரத்தில்தான் கொண்டுபோய் விடும் என்று 1949 நவம்பர் 25 இல் இந்திய அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தார்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அரச காசில் கட்டும் எதிலும் உயிரோடு இருக்கும் அரசியல்வாதியின் பெயர் வேண்டாம். எவ்வளவு செலவானது, எந்த நிதியிலிருந்து வந்தது, யார் கட்டினார்கள் என்று அந்தக் கல்லில் எழுதுங்கள். பிள்ளைகளை வரிசையில் நிறுத்த வேண்டாம்.

அடுத்த விழாவுக்கு மகளை வெயிலில் நிறுத்தச் சம்மதமில்லை என்று அதிபருக்குக் கடிதம் கொடுத்துவிட்டேன். மயங்கி விழுந்த பிள்ளையின் தாயும் இன்னும் மூன்று தாய்மாரும் அதில் கையெழுத்து வைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு தாய்,
பாலையூற்று, திருகோணமலை.