மெதுவாக ஓடுவது கணினியா, நிரலா?

ஆசிரியருக்கு வணக்கம்.

கடலூர், புதுச்சேரிப் பள்ளிகளின் கண்காட்சிகளில் மாணவர்கள் பைகேமில் (பைதான் மொழியில் விளையாட்டு எழுத உதவும் நிரல் தொகுப்பு) எழுதும் அசைவுப் படங்களைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. திரையில் வரையும் வெள்ளிக் கடற்கரையில் ஒரு படகு ஓடும்வரை குறையில்லை. நாற்பது படகும் இருநூறு பறவையும் சேர்ந்ததும் திரை திணறுகிறது. 'கம்ப்யூட்டர் பழசு' என்று சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் கோளாறு நிரலில்தான்.

நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது திரையில் 60 படம், என்றால் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பது சுமார் 16.7 மில்லிநொடி. ஒவ்வொரு படகுக்கும் தனி லூப் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) எழுதி அதற்குள் ஸ்லீப் (நிரலைச் சற்று நிறுத்தும் கட்டளை) வைத்தால், ஒரு படகு தூங்கும்போது கடலே தூங்கிவிடும். எல்லாப் படகையும் ஒரே பட்டியலில் வையுங்கள். ஒரே லூப்பில், முதலில் அனைத்தின் இடத்தையும் மாற்றி, பிறகு அனைத்தையும் வரைந்து, கடைசியில், வரைந்ததைத் திரையில் காட்டும் ஃபிளிப் ஒரே ஒரு முறை. படகுக்கு ஒரு ஃபிளிப் போட்டால் திரை மினுக்கத்தான் செய்யும்.

இதைவிடப் பெரிய தவறு, படக்கோப்பை லூப்புக்குள் ஏற்றுவது. இருநூறு பறவைக்கு நொடிக்கு 12,000 முறை கோப்பைத் திறக்கச் சொன்னால் எந்தக் கணினிதான் தாங்கும்? லூப் தொடங்கும் முன் ஒரு முறை ஏற்றி, கன்வர்ட்_ஆல்ஃபா செய்துவிட்டால் (படத்தைத் திரையில் வேகமாக வரைய ஏற்ற வடிவுக்கு மாற்றுவது) எல்லாப் பறவைக்கும் அந்த ஒரே படம் போதும்.

வேகத்தை 'ஃபிரேமுக்கு 3 பிக்சல்' என்று எழுதக் கூடாது. 60 ஃபிரேமில் நொடிக்கு 180 பிக்சல் போகும் படகு, ஃபிரேம் 30 ஆனால் 90தான் போகும். முந்தைய ஃபிரேமிலிருந்து கடந்த நேரமாகக் கிளாக்.டிக்(60) தரும் மில்லிநொடியை 1000ஆல் வகுத்து 180ஆல் பெருக்குங்கள்; அந்த ஃபிரேமில் படகு நகர வேண்டிய பிக்சல் கிடைக்கும். சாளரத்தை இழுக்கும்போது சில கணினிகளில் லூப் நின்று இந்த மில்லிநொடி எண் பெரிதாகி, படகு தாவும். அதனால் 50 மில்லிநொடிக்கு மேல் விடாதீர்கள். இடத்தைத் தசம எண்ணாகத் தனியே வைப்பதும் அவசியம். பொருளின் இடத்தையும் அளவையும் வைக்கும் பைகேமின் சாதாரண ரெக்ட் (செவ்வகம்) முழு எண்ணையே வைத்துக்கொள்ளும். நொடிக்கு 20 பிக்சல் போக வேண்டிய படகு ஃபிரேமுக்கு 0.33 நகர வேண்டும். ரெக்டில் அது சுழியமாகிவிடுவதால் வலப்பக்கம் போகும் படகு நின்ற இடத்திலேயே நிற்கும். காரணம் தெரியாமல் மாணவர்கள் மணிக்கணக்கில் தேடும் பிழை இது.

திரையைத் தாண்டிய பறவையை, பட்டியலைச் சுற்றிவரும்போதே நீக்கினால் அடுத்த பறவை விடுபடும். மிஞ்சுவதைப் புதுப் பட்டியலாக்குங்கள்.

கண்காட்சி நடுவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மதிப்பெண் போடும் முன் பொருள்களின் எண்ணிக்கையைப் 10, 100, 500 என மாற்றச் சொல்லி, நொடிக்கு எத்தனை ஃபிரேம் ஓடுகிறது என்று கெட்_எஃப்பிஎஸ் காட்டும் எண்ணைப் பாருங்கள்.

— கணினி அறிவியல் ஆசிரியர்கள் சிலர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.