செயலாளரின் ஆண்டறிக்கை: கசிந்த எண்ணெயும் நம் வீட்டுக் கணக்கும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, குடியிருப்போர் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். தெருவிளக்கு, வடிகால் வேலைகள் சென்ற ஆண்டைப் போலவே நடந்தன. மற்ற நேரம் முழுவதும் ஒரே வேலைக்குப் போனது. நம்மை ஒட்டியுள்ள பழைய எரிபொருள் கிடங்கின் நிலத்தடித் தொட்டிகள் கசிந்ததால் நம் உடல்நலத்துக்கு என்ன நேரக்கூடும் என்று கணக்கிட்ட இடர் மதிப்பீட்டின் வரைவு நம் கைக்கு வந்தது. அதை வரி வரியாகப் படித்தோம்.

அதற்கு முன் ஒரு தவறை ஒப்புக்கொள்கிறேன். ஆண்டின் தொடக்கத்தில் வந்த புகார்களை, வாடை அடிக்கிறதா இல்லையா என்பதை வைத்தே பிரித்தேன். வாடை இல்லாத தெருக்கள் பட்டியலின் கடைசிக்குப் போயின. பெட்ரோலில் உள்ள பென்சீன் என்ற வேதிப்பொருளுக்குக் குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் வைத்துள்ள வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அதைப் போலப் பல மடங்கு கலந்திருந்தாலும் மூக்குக்கும் நாக்குக்கும் தெரியாது. பென்சீனோ எலும்பு மஜ்ஜையைத் தாக்குவது, இரத்தப் புற்றுநோயை உண்டாக்குவது. அந்தத் தெருக்களின் கிணறுகளையும் இப்போது மாதிரி எடுக்கும் பட்டியலில் சேர்த்துவிட்டோம்.

வரைவில் எங்களை முதலில் நிறுத்தியது, மண்ணில் உள்ள எண்ணெய்ப் பொருள்கள் அனைத்தையும் ஒன்றாகக் கூட்டிச் சொல்லும் 'மொத்த பெட்ரோலிய ஹைட்ரோகார்பன்' என்ற ஒற்றை எண். புதிதாகக் கசிந்த பெட்ரோலுக்கும், ஆண்டுக்கணக்கில் மண்ணில் கிடந்து இலேசான பகுதிகள் பறந்துபோன கனமான எண்ணெய்க்கும் அதே எண் வரலாம். முன்னதில் பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் ஆகிய இலேசான நச்சுப் பொருள்கள் இருக்கும்; பின்னதில் அவை ஏறக்குறைய மறைந்துபோயிருக்கும். அந்த எண்ணை மட்டும் வைத்து அஞ்சவும் முடியாது, நிம்மதி அடையவும் முடியாது. ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து தரக் கேட்டோம். கிடங்கு பழையது என்பதால் ஈயத்தையும் சேர்க்கச் சொன்னோம். உலகில் சாலை வாகனங்களுக்கு ஈயம் கலந்த பெட்ரோல் விற்பது முற்றிலும் நின்றதே 2021இல்தான். மண்ணில் விழுந்த ஈயம் மக்கிப் போவதில்லை.

அடுத்தது வாழ்க்கைக் கணக்கு. இதில்தான் அதிக நேரம் செலவிட்டோம், செலவிட்டது சரி என்றே நினைக்கிறேன். நச்சு எவ்வளவு என்பது பாதிக் கணக்கு. அது யாரிடம், எந்த வழியாக, எத்தனை நாள் போய்ச் சேருகிறது என்பது மறுபாதி. வரைவு அந்தக் கிடங்கு மனையைத் தொழிலிடமாக வைத்து, வளர்ந்த ஒருவர் ஆண்டுக்கு 250 நாள், 25 ஆண்டு அங்கே வேலை பார்ப்பதாகக் கணக்குப் போட்டிருந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பொதுவாகக் கையாளும் எண்கள் இவை. வேலையாட்களுக்கு இவை பொருந்தும். ஆனால் வேலி சரிந்த அந்த மனையில் மாலையில் விளையாடுவது நம் பிள்ளைகள். அதே முகமை சிறு குழந்தைக்கு 15 கிலோ எடை என்றும், கைவழியாக நாளுக்கு 200 மில்லிகிராம் மண் வயிற்றுக்குள் போகும் என்றும் கொள்கிறது. பெரியவருக்கு 80 கிலோ, 100 மில்லிகிராம். ஒரு கிலோ எடைக்கு வகுத்தால் குழந்தைக்குப் பத்து மடங்குக்கு மேல் வருகிறது. அந்தக் குழந்தை வரைவின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

தண்ணீர்க் கணக்கிலும் குடிப்பது மட்டுமே இருந்தது. பென்சீன் எளிதில் ஆவியாவது. வெந்நீரில் குளிக்கும்போது மூச்சு வழியாகவும் உள்ளே போகும். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் அது சமையலறைக் காற்றில் கலக்கும். சில வீடுகளில் பாதுகாப்பு என்று எண்ணி அப்படிச் செய்துவந்தார்கள். அவர்களிடம் நேரில் போய்ச் சொன்னோம்.

மண்ணிலிருந்து வீட்டுக்குள் ஏறும் ஆவியைப் பற்றி வரைவு எழுதியிருப்பதில் நியாயம் உண்டு. காற்றோட்டமுள்ள மண்ணில் நுண்ணுயிர்கள் பெட்ரோலிய ஆவியைச் சில அடிகளுக்குள்ளேயே தின்றுவிடும். அதனால் எல்லா வீடும் ஆபத்தில் இருப்பதாகச் சொல்வது மிகை. அடித்தளத்துக்கு அருகிலேயே எண்ணெய் தேங்கியுள்ள வீடுகளுக்கு மட்டும் அந்த வாதம் பொருந்தாது. அங்கே தரைக்கடியில் மண்காற்றை அளந்து பார்க்கக் கேட்டிருக்கிறோம். பதில் இன்னும் வரவில்லை.

மாதிரிகளை ஒரே பருவத்தில் எடுத்ததையும் ஏற்க முடியவில்லை. எண்ணெய் நிலத்தடி நீரின்மேல் மிதப்பது. நீர்மட்டம் ஏறும்போது மண்துளைகளில் சிக்கிக்கொள்ளும், இறங்கும்போது மீண்டும் ஒழுகி வரும். மட்டம் உயர்ந்திருந்த நாளில் கிணற்றில் எண்ணெய்ப் படலம் காணவில்லை என்பதால் எண்ணெயே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

எழுத்து மூலம் அனுப்பிய எட்டுப் பக்கக் கருத்துரையில் குழந்தைக்கான தனிக் கணக்கும், இரண்டாம் பருவ மாதிரியும் ஏற்கப்பட்டன. குளியல் ஆவி, தோட்டக் காய்கறி, குழி தோண்டும் தொழிலாளர் ஆகிய மூன்றும் பரிசீலனையில் உள்ளன. மூன்றாவதை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பது செயற்குழுவின் ஒருமனதான தீர்மானம். மண்ணுக்கு மிக அருகில் மூச்சு விடுபவர் அவர்தான், கூட்டத்துக்கு வந்து பேச வாய்ப்பில்லாதவரும் அவர்தான்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு படிவம் வரும். எந்தக் கிணற்று நீர், எதற்குப் பயன்படுகிறது, இங்கே எத்தனை ஆண்டாகக் குடியிருக்கிறீர்கள், பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள் என்ற கேள்விகள் அதில் உண்டு. உள்ளதை உள்ளபடி எழுதித் தாருங்கள். வெற்றிடமாக விட்டால் அந்த இடத்தில் ஒரு பொது எண்ணை நிரப்பிவிடுவார்கள்.

கிணறு கிணறாகச் சென்று நீர்மட்டம் குறித்துவந்த இளைஞர் அணிக்கும், அட்டவணைகளைப் பொறுமையாக விளக்கிய வேதியியல் ஆசிரியருக்கும் சங்கத்தின் நன்றி. இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்