வலை மீனை மட்டும்தான் தடுக்கும்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

போன இதழ்ல சால்மன் வளர்ப்பு பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவ படிச்சேன். கடல்ல மீன் குறைஞ்சுகிட்டே வருது, அதனால வளர்த்து சாப்பிடறதுதான் நல்லது, ஆத்துல கடல்ல தானா வளர்ற சால்மனும் பொழச்சுக்கும்னு ரொம்ப ஈஸியா முடிச்சிட்டாங்க. கூட இருந்த போட்டோவும் அம்சமாதான் இருந்துச்சு, மலைக்கு நடுவுல நீலத் தண்ணி, அதுல வட்ட வட்டமா கூண்டு. ஆனா அது மேல இருந்து எடுத்த போட்டோ சார், விஷயமே அந்த வட்டத்துக்குக் கீழதான இருக்கு.

நார்வேல ஒரு கூண்டுக்கு 2 லட்சம் மீன் வரைக்கும் விடலாம்னு விதி. ஒரு பண்ணைக்கு இந்த மாதிரி ஏழெட்டு கூண்டு சாதாரணம். அத்தனையும் தின்னு கழிக்கறது எங்க போகும்? கோழிப்பண்ணை வச்சா எருவ எங்க கொட்டறன்னு ஊரே கேக்கும். இங்க கூண்டுங்கறது வெறும் வலை, கழிவு, திங்காம மிஞ்சின தீவனம், மருந்து எல்லாம் வலைக்கண்ணு வழியா நேரா கடலுக்குள்ள போயிடுது. நீரோட்டம் நல்லா இருந்தா அடிச்சிட்டுப் போயிடும், இல்லாத இடத்துல கூண்டுக்கு அடியிலயே படிஞ்சு அழுகி, அழுகறதுக்கு தண்ணில இருக்கற ஆக்ஸிஜனையும் இழுத்துக்கிட்டு, கடைசில புழுவும் வெள்ளையா பாய் விரிச்ச மாதிரி ஒரு பாக்டீரியா படலமும்தான் மிஞ்சும். ஆஸ்திரேலியாவோட டாஸ்மேனியா தீவுல, மக்குவாரி ஹார்பர்ல இதுதான் இப்ப பெரிய சண்டை. அங்க ஆழத்துல இருக்கற மாஜியன் திருக்கை அழியற நிலைமைல இருக்கு, ஆக்ஸிஜன் குறைஞ்சதுல பண்ணைக்கு பெரிய பங்கு இருக்குன்னு விஞ்ஞானிகளே சொல்றாங்க.

கட்டுரைல ஒரு வார்த்தை கூட வராதது கடல் பேன். மீனோட தோலையும் வழவழப்பையும் சுரண்டித் தின்னற சின்ன ஒட்டுண்ணி, நகத்தளவு கூட இருக்காது. இயற்கைல இதுக்கு ஒரு கணக்கு இருந்துச்சு. கடல்ல இருந்து ஆத்துக்குத் திரும்பற பெரிய சால்மனோட பேனும் வந்துடும், நல்ல தண்ணில உதிர்ந்து செத்துடும், வசந்தத்துல குஞ்சு மீன் கடலுக்கு எறங்கற நேரத்துல கரையோரம் பேன் அதிகம் இருக்காது. இப்ப கூண்டுல வருஷம் பூரா மீன் இருக்கு, அதனால பேனும் வருஷம் பூரா இருக்கு. விரல் நீளக் குஞ்சு மேல பத்து பன்னண்டு பேன் ஏறினாலே பொழைக்கறது கஷ்டம்.

விதி இல்லாம இல்ல. குஞ்சு எறங்கற வசந்த வாரங்கள்ல, மீனுக்கு சராசரியா 0.2 வளர்ந்த பெண் பேனுக்கு மேல இருக்கக் கூடாதுன்னு நார்வே வச்சிருக்கு. கேக்க ஸ்ட்ரிக்டா இருக்குல்ல? 2 லட்சம் மீன் இருக்கற கூண்டுல போட்டுப் பாருங்க, 40,000 பெண் பேன், ஒவ்வொண்ணும் நூத்துக்கணக்குல முட்டை போடும், இது ஒரே ஒரு கூண்டுல, அதுவும் விதிய மீறாம! மருந்து போட்டா பேன் பழகிடுது, பேனும் இறால், நண்டு வகையறாதான்ங்கறதால சில மருந்து இறால், நண்டையும் சேத்து அடிக்குது. இப்ப மீனை வெதுவெதுப்பான தண்ணில முக்கி எடுக்கறாங்க, அதுல மீனே சாகுது.

வலை கிழிஞ்சா இன்னொரு கூத்து. 2017 ஆகஸ்ட்ல அமெரிக்கால வாஷிங்டன் மாநிலத்துல சைப்ரஸ் தீவு பக்கம் ஒரு பண்ணை அப்படியே சரிஞ்சு, 2 லட்சத்துக்கு மேல அட்லாண்டிக் சால்மன் பசிபிக் கடலுக்குள்ள போச்சு. நார்வேல தப்பிச்ச மீன் ஆத்து சால்மனோடயே இனம் கலக்குது, சீக்கிரம் எடை போடணும்னு தலைமுறை தலைமுறையா பொறுக்கி வளர்த்த மீன் அது, அதோட குஞ்சுக்கு ஆத்துல தாக்குப் பிடிக்கற தெம்பு கம்மி. 2024 கோடைல நார்வேல 33 ஆத்துல சால்மன் பிடிக்கத் தடை போட வேண்டியதாயிடுச்சு. பழிய பூரா பண்ணை மேல போட முடியாது, கடல் சூடாகறதும் இருக்கு. ஆனா இதையெல்லாம் தெரிஞ்சுகிட்டு ‘பொழச்சுக்கும்’னு எப்படி சார் எழுத முடியும்?

பண்ணையே வேணாம்னு நான் சொல்லல, வேற பொழப்பு இல்லாத கரையோர ஊருக்கெல்லாம் அதுதான் சோறு போடுது. தண்ணி வெளிய போகாத மூடின தொட்டில வளர்க்கலாம், கரண்டுக்கும் கட்டறதுக்கும் செலவு ஜாஸ்தி, அதான் கம்பெனிங்க இழுத்தடிக்குது. அந்தச் செலவ இப்ப கடல் கட்டிக்கிட்டு இருக்கு, பில்லுதான் வரல. கனடா பிரிட்டிஷ் கொலம்பியால திறந்த வலைக்கூண்டுக்கு 2029 ஜூன் வரைக்கும்தான் டைம்னு 2024லயே அறிவிச்சாங்க. இதையாவது ஒரு வரி போட்டிருக்கலாம்.

கடைசியா ஒரு திருத்தம். சதையோட ரோஸ் கலர் சுத்தமான கடல் தண்ணியால வருதுன்னு போட்டிருந்தீங்க. இல்ல சார், தீவனத்துல அஸ்டாக்சாந்தின்னு ஒரு நிறமி சேக்கறாங்க, அதான். அது இல்லன்னா சாம்பலா வெளிறிப் போய்தான் இருக்கும். சுற்றுச்சூழலுக்கு அதால பெருசா ஒண்ணும் இல்ல, படிச்சப்ப உறுத்துச்சு, அதான் சொன்னேன்.

இப்படிக்கு,
ரொம்ப வருஷமா படிக்கற வாசகன்