பாலியல் நல விழிப்புணர்வு மாணவர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு அறிக்கையை அனுப்பிவைக்கிறேன். படிப்பார்களா என்பது வேறு விஷயம்.

முதலாண்டு மாணவர் வரவேற்பு நாளில் மேசை போட்டோம். டிசம்பர் 1 உலக எய்ட்ஸ் தினத்தில் ஊர்வலம் நடந்தது. கருப்பைவாய்ப் புற்றுநோய் போன்றவற்றை உண்டாக்கும் எச்.பி.வி. வைரஸுக்கான தடுப்பூசி பற்றி மருத்துவர் ஒருவர் பேசினார்; அது பெண்கள் சமாசாரம் என்று நினைத்துப் பையன்கள் பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். தடுப்பூசி ஆண்களுக்கும்தான் என்று அவர் சொன்னபோது கேட்க அவர்கள் இல்லை.

இனி கேள்விப் பெட்டி. என் யோசனை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர் இல்லாமல் சந்தேகத்தை எழுதிப் போடலாம். வாரம் ஒருமுறை திறந்து, சுகாதார மையச் செவிலியரிடம் கேட்டு, பதிலைப் பலகையில் ஒட்டுவோம். முதல் மாதம் விழுந்தவை இரண்டே சீட்டுகள். நிமிர்ந்து பார்த்தால், பெட்டிக்கு நேர் மேலே கண்காணிப்பு கேமரா! நூலகத்தின் பின்படிக்கட்டுக்கு மாற்றினோம். அப்புறம் பெட்டி மூடவே சிரமப்பட்டது.

'டெஸ்ட் எடுத்தால் வீட்டுக்குத் தெரியுமா?' என்றுதான் அதிகம் பேர் கேட்டார்கள். 'அறிகுறியே இல்லை, எதற்கு டெஸ்ட்?' என்றும் கேட்டார்கள். கிளமிடியா என்ற பாலியல் தொற்று பெரும்பாலானவர்களுக்கு அறிகுறி காட்டாது என்று பெரிய எழுத்தில் ஒட்டினோம். பர்ஸில் மாதக்கணக்கில் கிடந்த ஆணுறை உதவுமா என்றவருக்குப் பதில்: சூடும் உராய்வும் ரப்பரைக் கெடுத்திருக்கும், தூக்கிப் போடுங்கள்.

ஒரு சீட்டை மட்டும் மறக்க முடியவில்லை. நோட்டுத் தாளின் ஓரத்தைக் கிழித்துப் பென்சிலில் எழுதியது. 'நேற்று ராத்திரி ஆணுறை கிழிந்துவிட்டது. இப்போது என்ன செய்வது?' கீழே தேதியும் இருந்தது. நாங்கள் அதைப் படித்தது 12 நாள் கழித்து. எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அவசரக் கருத்தடை மாத்திரைக்கு அதிகபட்சம் 5 நாள்; அதுவும் சீக்கிரம் போட்டால்தான் நல்லது. 'இப்போதும் தாமதமில்லை, கர்ப்பப் பரிசோதனையும் தொற்றுப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள்' என்று ஒட்டினோம். பார்த்தாரா, தெரியாது.

வாரம் ஒருமுறை என்று முடிவெடுத்தது நான்தான். ஆனால் சாவி வைத்திருந்த செயற்குழு உறுப்பினர் இரண்டு வாரம் தலைகாட்டவில்லை என்பதையும் பதிவு செய்கிறேன். இப்போது பெட்டியின் மேலேயே எழுதியிருக்கிறது: 'அவசரமா? இதில் எழுதாதீர்கள். நேரே சுகாதார மையத்துக்குப் போங்கள்.' முதல் நாளே எழுதியிருக்க வேண்டும்.

செயற்குழு எட்டு முறை கூடியது. போதிய ஆட்கள் இருந்தது மூன்று முறை. சந்தா பாதிப் பேர் தரவில்லை. இலவச ஆணுறை வாங்க மட்டும் யாருக்கும் மறதி கிடையாது.

வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருக்கின்றன. அச்சகத்துக்குக் கொஞ்சம் பாக்கி. ரசீதுகள் கோப்பில் உள்ளன, தேடிக்கொண்டிருக்கும் இரண்டைத் தவிர.

செவிலியருக்கும், நூலகப் பணியாளர்களுக்கும், பெயர் விடுபட்ட அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு நான் இருக்க மாட்டேன், படிப்பு முடிகிறது. பெட்டியைத் தினமும் திறக்க ஆள் இல்லையென்றால் எடுத்துவிடுவதே நல்லது. சாவிக்கு மாற்றுச் சாவி செய்துவிட்டேன், பையில் இருக்கிறது. மாலையில் பத்து நிமிடம் ஒதுக்க முடிந்தவர் கூட்டம் முடிந்ததும் வந்து வாங்கிக்கொள்ளலாம். சந்தா பாக்கி வைத்தவராக இருந்தாலும் பரவாயில்லை.