தவிலை விற்க வேண்டாம் அப்பா

பர்மிங்காம்,
நவம்பர்

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

அக்கா எழுதிய கடிதம் சனிக்கிழமை வந்தது. போனில் நீங்கள் யாரும் சொல்லாததையெல்லாம் அவள் எழுதியிருக்கிறாள். உங்கள் தவிலை வாங்க ஆள் பார்த்தாகிவிட்டது என்பதும் அதில்தான் தெரிந்தது. அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். அம்மா கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

நன்றாகச் சாப்பிடுகிறேன் அம்மா. குளிர் வந்துவிட்டது, நாலரைக்குள் இருட்டிவிடுகிறது. சின்ன மாமா கொடுத்த கம்பளியே போதுமானதாக இருக்கிறது, ஹீட்டரை ராத்திரி கொஞ்ச நேரம்தான் போடுகிறேன். கடையில் இப்போது வாரத்துக்கு மூன்று நாள் வேலை. மற்ற நாட்களில் உடம்புக்கு ஓய்வு கிடைக்கிறது. கவலைப்பட ஒன்றும் இல்லை.

எதிர் அறைக்காரரைப் பற்றி முன்பு சொன்னேன் இல்லையா, மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிற கினி நாட்டுக்காரர், அதன் தலைநகர் கொனாக்ரியிலிருந்து வந்தவர்? வெங்காயம் வதங்கும் நேரத்தில்கூட அவர் விரல்கள் மேசை விளிம்பில் ஓடிக்கொண்டிருக்கும். நடு ராத்திரியில் படிக்கட்டில் உட்கார்ந்து தொடையில் தட்டுவார். வீட்டில் மற்றவர்களுக்கு அது தொந்தரவு. எனக்கு அந்தச் சத்தம் கேட்டால்தான் தூக்கம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை நிலக்கடலையை அரைத்துவிட்டு ஒரு குழம்பு வைப்பார், சோற்றோடு எனக்கும் ஒரு தட்டு வரும். அதில் கொஞ்சம் புளி விட்டால் நம் வீட்டுக் குழம்பாகிவிடும் என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும்.

அவர் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு ஜெம்பே என்ற கையால் அடிக்கிற முரசைச் சொல்லிக்கொடுக்கிறார். 1987 முதல் பிரிட்டனில் அக்டோபரைக் கறுப்பினத்தவர் வரலாற்று மாதமாகக் கொண்டாடுகிறார்கள். அதனால் அந்த மாதம் எல்லாப் பள்ளிகளும் அவரைக் கூப்பிடுகின்றன. முப்பது ஜெம்பேயை வேனில் ஏற்றி இறக்க ஆள் வேண்டும் என்றார், கடை இல்லாத நாட்களில் கூடப் போனேன்.

அப்பா, இந்த வாத்தியத்தை நீங்கள் பார்க்க வேண்டும். ஒரே மரத்தைக் குடைந்து செய்கிறார்கள். மேலே அகலம், இடுப்பில் ஒடுக்கம், கீழே திறந்த வாய். மேல்வாயில் ஆட்டுத்தோல், அதைக் கயிறு போட்டு இழுத்துக் கட்டியிருக்கும். மாலி, கினி பக்கத்து மாண்டிங்கா மக்களின் வாத்தியம். இந்த ஊர் ஈரத்தில் தோல் தளர்ந்துபோகிறது. ஒவ்வொரு பள்ளியிலும் நிகழ்ச்சிக்கு முன்னால் அவர் ஜெம்பேயின் உடம்பைக் காலால் மிதித்துக்கொண்டு கயிற்றை இழுத்து முடிச்சுப் போடுவார். தவிலுக்கு வார் இழுத்துப் பிடிக்க உங்களுக்கு உதவிய பழக்கம் எனக்கு அங்கே கைகொடுத்தது.

பிள்ளைகள் ஏழு, எட்டு வயதுக்காரர்கள். வட்டமாக நாற்காலி போட்டு, நுனியில் உட்கார்ந்து, வாத்தியத்தைக் கால்களுக்கு நடுவில் சற்றுச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். தரையில் நேராக நின்றால் கீழ்வாய் அடைபட்டு ஓசை உள்ளேயே செத்துவிடும். நடுவில் உள்ளங்கையோடு அடித்தால் கனமான ஓசை, விளிம்பில் விரல்களைச் சேர்த்து அடித்தால் ஒன்று, விரல்களைத் தளர்த்தி வீசினால் சுளீரென்று இன்னொன்று. இந்த மூன்றுதான் அடிப்படை. ஆனால் வந்தவுடன் யாரையும் அடிக்க விடமாட்டார். முதலில் வாயால் சொல்ல வேண்டும்: "குன் தூன், கோ தோ, பா தா". நைஜீரியாவில் பிறந்து அமெரிக்காவில் சொல்லிக்கொடுத்த பாபாதுண்டே ஒலாத்துஞ்சி பரப்பிய சொற்கள் அவை. முப்பது பிள்ளைகளும் ஒரே குரலில் அதைச் சொன்னபோது, விடியற்காலையில் என்னையும் அண்ணனையும் உட்காரவைத்து "தகிட, தகதிமி" சொல்ல வைத்தீர்களே, அந்தத் திண்ணையில்தான் இருந்தேன் அப்பா. ஜெம்பே உறைகளை மடிக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் வேனுக்குப் போய்விட்டு வந்தேன்.

அப்புறம் பிள்ளைகளை மூன்று கூட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் வாசிக்க ஒரு அடிமுறை கொடுத்தார். காசா என்று ஒரு தாளம். கினியில் அறுவடைக் காலத்தில், வயலில் வேலை செய்பவர்களுக்காக வாசிப்பது. தனித்தனியாகக் கேட்டால் ஒவ்வொன்றும் ரொம்பச் சின்னது. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று விழும்போதுதான் தாளம் பிறக்கிறது. பிள்ளைகள் உற்சாகத்தில் தாளத்தை முந்தி ஓடத்தான் செய்கிறார்கள். அவர் திட்டுவதில்லை. கெங்கெனி என்று குச்சியால் அடிக்கிற சின்ன முரசு ஒன்று இருக்கிறது, அதில் ஒரே அடியை விடாமல் வைத்துக்கொண்டு எல்லோரையும் அதற்குள் இழுத்துவிடுகிறார். வகுப்பு டீச்சருக்குக் கை வரவில்லை. பக்கத்திலிருந்த பெண் குழந்தை அவர் மணிக்கட்டைப் பிடித்து நகர்த்திக் காட்டினாள்.

திரும்பி வரும் வழியில் மமாடி கேய்ட்டா என்ற ஜெம்பே கலைஞரைப் பற்றிச் சொன்னார். 1950-இல் பலந்துகு என்ற கினிக் கிராமத்தில் பிறந்தவர், பின்னால் பிரஸ்ஸல்ஸில் பள்ளி ஆரம்பித்து, வந்த எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவர், 2021-இல் காலமானார். அவரிடம் படித்தவர்கள் இன்று பல நாடுகளில் வாசிக்கிறார்கள். நம் ஊரில் மட்டும் ஏன் அப்பா, "எனக்குப் பின்னால் யார்" என்று கேட்டுவிட்டுத் தவிலை மூட்டை கட்ட வேண்டும்?

அக்கா மகன் உங்களிடம் கேட்டானாம், படிப்பைப் பார் என்று அனுப்பிவிட்டீர்களாம். அவனைக் கூப்பிடுங்கள். தவில் அடிக்கிற கழியும் விரலில் மாட்டுகிற கூடும் இப்போதே வேண்டாம், வாயால் மட்டும் சொல்லவையுங்கள், கையில் தாளம் போடட்டும். அவனோடு படிக்கும் இன்னும் நாலு பிள்ளைகள், பெண் பிள்ளைகளும், வந்தால் சேர்த்து உட்காரவையுங்கள். நேரம் போதவில்லை என்றால் ஞாயிறு ஒரு மணி நேரம் போதும். இங்கே அவர் ஒரு பள்ளிக்கு ஒதுக்குவது அவ்வளவுதான், அதற்குள் பிள்ளைகள் சேர்ந்து வாசித்துவிடுகிறார்கள்.

உங்கள் கண் ஆபரேஷன் செலவுக்காகத்தான் விற்கிறீர்கள் என்று அக்கா எழுதியிருக்கிறாள். இந்த மாதம் நான் அனுப்பியது குறைவுதான். கிறிஸ்துமஸ் நேரத்தில் கடையில் கூடுதல் நாள் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், டிசம்பர் பாதிக்குள் மீதியை அனுப்புகிறேன். டாக்டரிடம் தை மாதத்துக்குத் தேதி வாங்கச் சொல்லுங்கள். அத்தான் கூட வரட்டும், அம்மா ஒருத்தியால் பஸ்ஸில் உங்களை அழைத்துப் போக முடியாது.

பார்க்க வந்தவரிடம் முன்பணம் வாங்கியிருந்தால் அண்ணனிடம் கொடுத்து உடனே திருப்பிவிடுங்கள். தோல் மாற்ற வேண்டியிருந்தால் பெரியப்பா வழக்கமாகக் கொடுப்பவரிடமே கொடுக்கட்டும், என்ன ஆகும் என்று கேட்டு அக்காவை எழுதச் சொல்லுங்கள். கீழ வயல் குத்தகை விஷயத்தில் மாமா பேசி முடிக்கும்வரை எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம்.

உங்கள்
சின்னவன்