கூட இருக்கும் விண்மீனை மறக்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

விண்மீன்களின் இறுதிக்காலம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். சூரியன் போன்ற விண்மீன் முதுமையில் செம்பெருமீனாக (மிகப் பெரிய சிவப்பு விண்மீனாக) ஊதி, உறையை உதிர்த்து, வெண்குறுமீனாக (சிறிய, அடர்ந்த எச்சமாக) அடங்கும் கதையை அழகாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் விண்மீனின் விதியை அதன் நிறை மட்டுமே முடிவு செய்கிறது என்ற வரியை என்னால் ஏற்க முடியவில்லை. பக்கத்தில் யார் சுற்றுகிறார்கள் என்பதும் அந்த விதியைப் புரட்டிப்போடும்.

வெப்ப உட்குறுமீன்கள் எனப்படும் சிறிய, மிகச் சூடான விண்மீன்கள் அதற்குச் சாட்சி. சூரியனின் நிறையில் ஏறத்தாழப் பாதி. பரப்பு வெப்பநிலையோ 20,000 கெல்வினுக்கும் மேல். உள்ளே ஹீலியம் எரிந்துகொண்டிருக்கிறது. மேலே போர்த்தியிருக்க வேண்டிய தடித்த ஹைட்ரஜன் உறையைக் காணோம், மெல்லிய தோல்தான் மிச்சம். பலவற்றில் அந்த உறையை உரித்தது, கூடவே சுற்றும் கூட்டாளி விண்மீனே. செம்பெருமீன் ஊதும்போது அருகிலிருக்கும் சிறு விண்மீன் அந்த உறைக்குள் சிக்கி, சுழன்று உள்ளிறங்குகிறது. அப்போது அது இழக்கும் ஆற்றல் உறையையே வெளியே தள்ளிவிடுகிறது. கன்னி மண்டலத்திலுள்ள எச்.டபிள்யூ. விர்ஜினிஸ் இணையைப் பாருங்கள். ஓர் உட்குறுமீனும் ஒரு செங்குறுமீனும் (சிறிய, மங்கலான சிவப்பு விண்மீன்) 2 மணி 48 நிமிடத்தில் ஒரு சுற்றை முடிக்கின்றன! அவ்வளவு நெருக்கம்.

நிறமாலையை, அதாவது நிறங்களாகப் பிரித்த ஒளியைப் பார்த்தால் விண்மீன் எதனால் ஆனது என்று தெரிந்துவிடும் என்றும் எழுதியிருந்தார்கள். இங்கே அதுவும் முழு உண்மையாகாது. சூரியனில் பத்துப் பன்னிரண்டு ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒரு ஹீலியம் அணு உண்டு. ஹீலியத்தையே எரித்து வாழும் இந்த விண்மீன்கள் பலவற்றின் மேற்பரப்பிலோ நூறு ஹைட்ரஜன் அணுக்களுக்கு ஒரு ஹீலியம் அணுதான், சிலவற்றில் அதைவிடவும் குறைவு. கடும் ஈர்ப்பு ஹீலியத்தைக் கீழே அமிழ்த்துகிறது. சில கன உலோகங்களை உள்ளிருந்து வரும் ஒளி மேலே உந்தி நிறுத்துகிறது. வட அயர்லாந்தின் ஆர்மா வானாய்வகத்தார் ஆராய்ந்த சில உட்குறுமீன்களில் சிர்க்கோனியமும் ஈயமும் சூரியனில் இருப்பதைப்போலப் பத்தாயிரம் மடங்கு தெரிந்தன. (இவை கூட்டாளியோடு இருப்பதாக அறியப்படாதவை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.) விண்மீன் முழுவதும் ஈயம் என்று இதற்குப் பொருளில்லை, நாம் பார்க்கும் மேலடுக்கில் அது திரண்டு நிற்கிறது.

எங்கள் பள்ளி மாணவர்கள் உங்கள் அறிவியல் பக்கங்களை வெட்டி நோட்டில் ஒட்டிவைக்கிறார்கள். நிறை மட்டுமே முடிவு செய்கிறது என்ற அந்த வரியில் 'விண்மீனின் விதியை' என்பதைத் 'தனித்திருக்கும் விண்மீனின் விதியை' என்று திருத்தி அடுத்த இதழில் வெளியிடுங்கள். இரட்டை விண்மீன்களுக்குத் தனிக் கட்டுரை ஒன்றும் வேண்டும்.

இப்படிக்கு,
இயற்பியல் ஆசிரியை ஒருவர்